போதும்ப்பா பிரிவு

அந்த ஆல்பத்தில் மொத்தம் எட்டுப் பாட்டு. அதில் ஏழு பாட்டை யாரும் முழுசாகக் கேட்டதாகத் தகவல் இல்லை. நான்காவது பாட்டில், மூன்று நிமிடம் தாண்டிப் பன்னிரண்டாவது நொடியில், தாளம் சட்டென்று நிற்கும். ஒரு பெண் குரல் களைத்துப்போய் "போதும்ப்பா" என்று சொல்லும். அடுத்த நொடியே டிரம்ஸ் மறுபடி பிய்த்துக்கொண்டு கிளம்பும். இந்த ஒரு சொல்லுக்காகத்தான் ஆல்பம் விற்றது. விற்றது என்றால் சாதாரணமாக இல்லை. ரெக்கார்டு அச்சடிக்கும் இயந்திரம் மூன்று தடவை பழுதானது. கம்பெனி தன் இரண்டு மாடிக் கட்டடத்தைக் காலி செய்துவிட்டு ஒன்பது மாடிக் கட்டடத்துக்குக் குடிபோனது.

டிஸ்கோ கூடங்களில் அந்த நொடி வந்ததும் ஐந்நூறு பேரும் ஆடுவதை நிறுத்திக் கையைத் தூக்குவார்கள். ஒரே குரலில் "போதும்ப்பா" என்று கத்துவார்கள். பிறகு விட்ட இடத்திலிருந்து ஆடத் தொடங்குவார்கள். போதும் என்று சொன்னவர்களில் ஒருவராவது வீட்டுக்குப் போனாரா என்று கேட்டால், அந்த வழக்கமே கிடையாது.

முதலில் அதைச் சொன்னவள் அந்த இசைக்குழுவின் கோரஸ் பாடகி. குழுவுக்குப் பெயர் வெள்ளிச் செருப்பு. முன்னால் நிற்கும் நான்கு ஆண்களுக்கும் வெள்ளி நிறத்தில் உயரமான குதிகால் வைத்த செருப்பு உண்டு. பின்னால் நிற்கும் இவளுக்கு வந்த ஜோடி அளவு சரியில்லாமல் திருப்பி அனுப்பப்பட்டு, அதோடு மறக்கப்பட்டது. குழுவில் எல்லாரும் அவளைக் கோரஸ் அக்கா என்று கூப்பிட்டார்கள். கம்பெனியில் காவலாளி முதல் மேலாளர் வரை அதுவே நிலைத்தது.

அன்றைக்கு நடந்தது இதுதான். குழுவின் முதன்மைப் பாடகனுக்கு மினுக்கு என்று பட்டப்பெயர். பதிவறைக்குக்கூட ஜிகினா தைத்த சட்டை போட்டுத்தான் வருவான். அந்த ஜிகினா மைக்கில் சலசலத்தது. சட்டையைக் கழற்றச் சொன்னால், "சட்டை இல்லாம எனக்கு ஃபீல் வராது" என்றான். அதனால் இருபத்தாறு டேக் வீணாயிற்று. இருபத்தாறிலும் கோரஸ் அக்கா உச்ச ஸ்தாயியில் பாடினாள். இருபத்தேழாவதில் தொண்டை எரிச்சல் தாங்காமல், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த சவுண்டுக்காரரைப் பார்த்து, "போதும்ப்பா" என்றாள். மைக் ஓடிக்கொண்டிருந்தது. சவுண்டுக்காரர் அதை வெட்டி எறியாமல் அப்படியே விட்டுவிட்டார். ஏன் விட்டார் என்று பின்னால் பலர் கேட்டார்கள். "நல்லா இருந்துச்சு" என்று மட்டும் சொன்னார்.

கம்பெனிக்கு அந்தப் பதில் போதவில்லை. இவ்வளவு பெரிய வெற்றி ஒரு தவறால் வந்தது என்று ஒப்புக்கொள்ள ஒன்பது மாடியிலும் ஆள் இல்லை. ஆகவே ஆறாவது மாடியில் போதும்ப்பா பிரிவு தொடங்கப்பட்டது. பதினான்கு பேர் வேலைக்குச் சேர்ந்தார்கள். 'போதும்' தனியாக ஒரு மேசை, 'ப்பா' தனியாக ஒரு மேசை. இரண்டு மேசைக்கும் ஆறு மாதத்திலேயே முட்டிக்கொண்டது. பிறகு கோப்பு மூலமாக மட்டுமே பேசிக்கொண்டார்கள்.

அடுத்த ஆல்பத்தில் எட்டுப் பாட்டிலும் ஒரு போதும்ப்பா இருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. முதல் பாட்டுக்கு அக்கா வந்தவுடனே, சுலபமாக, "போதும்ப்பா" என்று சொல்லிக் கொடுத்தாள். பிரிவு அதிகாரி அதை நான்கு தடவை ஓடவிட்டுக் கேட்டார். மெலிந்த மனிதர், சட்டைப் பையில் மூன்று பேனா.

"இதுல உண்மை இல்லம்மா" என்றார். "நீங்க களைப்பா இல்ல."

"இப்பத்தானே சார் வந்தேன்."

"அதான் பிரச்சினை."

பிரிவு ஆராய்ந்தது. உண்மையான போதும்ப்பா இருபத்தேழாவது டேக்கில்தான் பிறக்கும் என்று அறிக்கை வந்தது. அன்றுமுதல் ஒவ்வொரு பாட்டுக்கும் முதல் இருபத்தாறு டேக்கை அக்கா முழுக் குரலில் பாட வேண்டும். டேப் வீணாகும் என்பதால் அந்த இருபத்தாறும் பதிவாகாது. அவற்றுக்கு வெறும் டேக் என்று பெயர். வெறும் டேக்கின்போது எதிரில் நாற்காலி போட்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவருடைய வேலை அக்காவின் முகத்தைப் பார்ப்பது. ஒவ்வொரு டேக் முடிந்ததும் பதிவேட்டில் "இன்னும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். இடையில் அவருக்குக் களைப்பு வந்தால் மாற்று ஆள் வருவார்.

மூன்று பாட்டு முடிவதற்குள் அக்காவின் தொண்டையில் யாரோ மணல் அள்ளிப் போட்டதுபோல் ஆகிவிட்டது. தொண்டை டாக்டரிடம் போனாள். டாக்டரம்மா சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டுக் கை கழுவினார்.

"குரல் நாண்ல முடிச்சு விழுந்திருக்கு. ரெண்டு மாசம் வாயே திறக்கக் கூடாது. பாடறது மட்டும் இல்ல, பேசவும் கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது."

"அப்படி இருக்க முடியலன்னா?"

"அதுக்கப்புறம் நீங்க ஆசைப்பட்டாலும் பேச முடியாது. பயமுறுத்தறேன்னு நினைக்காதீங்க, உள்ளதைச் சொல்றேன்."

பாட்டுப் போனால் போகட்டும் என்றுதான் அக்கா நினைத்தாள். பயம் வேறு இடத்தில் இருந்தது. அவள் கணவர் நெடுந்தூர லாரி ஓட்டுநர். மாதத்தில் இருபது நாள் சாலையில் இருப்பார். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கே இருந்தாலும் ஒரு ஃபோன் பிடித்துக் கூப்பிடுவார். பன்னிரண்டு வருடக் குடித்தனத்தில் நேரில் பேசியதைவிட ஃபோனில் பேசியதுதான் அதிகம். அவர் அதிகம் பேசமாட்டார். குழாய் ஒழுகுவது, மகள் கணக்கில் தப்பு விட்டது, மாடிவீட்டுச் சண்டை என்று ஒன்று விடாமல் அவள்தான் சொல்லுவாள். நடுவில் நிறுத்தினால், "சொல்லு, நிறுத்தாத. இதைக் கேட்டாத்தான் விடியற வரைக்கும் கண்ணு சொக்காம ஓட்டுவேன்" என்பார். அந்தக் குரல் இல்லாவிட்டால் அந்தக் குடும்பத்தில் என்ன மிச்சம் இருக்கும் என்று அவளுக்கு யோசிக்கவே பிடிக்கவில்லை.

மறுநாள் டாக்டர் கடிதத்தோடு ஆறாவது மாடிக்குப் போனாள். பிரிவு அதிகாரி கடிதத்தைப் படித்தார், அனுதாபத்தோடு தலையாட்டினார், விடுப்புப் படிவத்தைத் தேடி இழுப்பறையைத் திறந்தார்.

"ரெண்டு மாசம் லீவு வேணும் சார். என்னால முடியல. போதும்."

இழுப்பறை பாதியில் நின்றது. அதிகாரி மெதுவாக நிமிர்ந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"அம்மா, இதுதான். இதைத்தான் ஆறு மாசமா தேடறோம். ப்பா மட்டும் சேத்து அப்படியே இன்னொரு தடவை சொல்லுங்க. கொஞ்சம் இருங்க, டேப் எடுத்துட்டு வரச் சொல்றேன்."

"நான் நிஜமாவே சொல்றேன் சார்."

"அதான் அம்மா, அதான். நிஜம். அதை விட்றாதீங்க."

பிரிவிலிருந்து ஒன்பது பேர் வந்து சுற்றி நின்றுவிட்டார்கள். டேப் வந்தபோது அக்கா படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தாள். விடுப்புப் படிவம் இழுப்பறையிலேயே தங்கிவிட்டது.

சரி, வேலையே வேண்டாம் என்று ராஜினாமாக் கடிதம் எழுதினாள். "இதுவரை பாடியது போதும்" என்று தொடங்கியிருந்தாள். இரண்டாம் நாளே சட்ட அதிகாரி கூப்பிட்டு அனுப்பினார். அவர் அறையில் ஃபேன் ஓடாது, காகிதம் பறக்கும் என்று. நெற்றியில் வியர்வையோடு சிரித்தபடி வரவேற்றார்.

"உக்காருங்க. இந்தக் கடிதத்துல போதும்ங்கற சொல் இருக்கு. அது இப்போ கம்பெனியோட முத்திரைச் சொல். பதிவு பண்ணியாச்சு. முன் அனுமதி இல்லாம நீங்க பயன்படுத்தக் கூடாது. ஒப்பந்தத்துல பதினாலாவது பிரிவு."

"நான் பேசற சொல் சார் அது. எங்க வீட்டுலயும் பேசுவோம்."

"எல்லாரும் பேசலாம். நீங்க பேசக் கூடாது. நீங்க பேசினா அது ஒரிஜினல் ஆயிடும்."

அக்கா வேறு தாள் வாங்கி, அந்தச் சொல்லை அடித்துவிட்டு, "விலகிக்கொள்கிறேன்" என்று எழுதிக் கொடுத்தாள். அவர் அதையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"முத்திரைச் சொல் இருந்த இடத்துல வேற சொல் போட்டிருக்கீங்க. இது திரிபு. இதையும் ஏத்துக்க முடியாது. அது இருக்கட்டும், ரொம்ப நாளா ஒரு ஃபைல் நிலுவைல இருக்கு. போதும் அப்பான்னு சொல்லியிருக்கீங்கல்ல, அந்த அப்பா யாரு?"

"யாரும் இல்ல சார். சும்மா சொல்றதுதான். வாப்பா, போப்பான்னு சொல்ற மாதிரி."

"அப்படி எழுத முடியாதும்மா. அப்பான்னா ஒருத்தர் இருக்கணும். அவர் ஒப்புதல் கடிதம் குடுக்கணும்."

"எங்க அப்பா தவறி ஒன்பது வருஷம் ஆகுது."

சட்ட அதிகாரியின் முகம் மலர்ந்தது. "நல்லதாப் போச்சு. இறப்புச் சான்றிதழ் இருந்தாலே முடிச்சிடலாம்."

அக்கா பெட்டியைக் குடைந்து சான்றிதழைக் கொண்டுவந்து கொடுத்தாள். அப்பா போனதை ஒரு அலுவலகம் நல்ல சேதியாக எடுத்துக்கொண்டது அதுவே முதல்முறை. அந்தக் கோப்பு மூடப்பட்டது. ராஜினாமா கோப்பு திறந்தே இருந்தது.

கம்பெனி உணவகத்தில் இன்னொரு வேடிக்கை. பரிமாறுகிறவர் சோறு போடப் போட, அக்கா வாயைத் திறக்க முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு மேசை தள்ளிச் சட்ட அதிகாரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டில் குவிந்து, மேசையில் சரிந்தது.

"சொல்லுங்கக்கா, நிறுத்திடறேன்" என்றார் பரிமாறுகிறவர், கரண்டியை ஓங்கியபடி. "நீங்க சொல்லித்தானே உலகமே கேக்குது. எங்களுக்கும் ஒரு தடவை."

அவள் தட்டின் மேல் கையை நீட்டி மறைத்தாள். அதற்கு மறுநாள் குறிப்பாணை வந்தது. தட்டின் மேல் கையை வைப்பது முத்திரைச் சொல்லின் மொழிபெயர்ப்பாகக் கருதப்படும் என்று அதில் இருந்தது. அன்றிலிருந்து வீட்டிலிருந்தே சாப்பாடு கட்டிக்கொண்டு போனாள்.

சாயங்காலம் ஃபோன் வந்தது. அதுவரை சளி என்று சொல்லிச் சமாளித்திருந்தாள்.

"என்ன, குரல் இன்னும் கரகரன்னு இருக்கு?" என்றார் கணவர்.

"கொஞ்சம் கட்டியிருக்கு. டாக்டர் ரெண்டு மாசம் பேச வேணாம்னு சொல்லியிருக்காங்க."

"அப்புறம் ஏன் பேசற? வை ஃபோனை. அங்கயும் பாட முடியாதுன்னு சொல்லிட்டு வா."

"சொல்லிட்டேன். அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு."

அவர் சிரித்தார். அவளும் சிரிக்கப் பார்த்தாள், இருமல்தான் வந்தது. அவர் வைக்கவில்லை, அவளும் வைக்கவில்லை. குழாயைச் சரிசெய்தாயிற்று என்பதை மட்டும் சொன்னாள்.

கடைசி நம்பிக்கை மினுக்குதான். ஒரே மேடையில் பத்து வருடம் நின்றவன், அவன் பாட மறுத்தால் கம்பெனி இறங்கிவரும். ஒத்திகை அறையில் அவனைப் பிடித்தாள். அவன் செருப்பின் குதிகாலைத் துடைத்துக்கொண்டே கேட்டான். கேட்டு முடித்ததும் முகம் வாடியது. பொய்யாக இல்லை, உண்மையாகவே வாடியது.

"எனக்குக் கஷ்டமா இருக்குக்கா. ஆனா ஆல்பம் நின்னா நாலு பேர் குடும்பம் நடுத்தெருவுல நிக்கும். என்னை யாருக்கா கேக்க வர்றாங்க? நான் பாடற இடத்துல எல்லாம் ஜனம் பேசிட்டிருக்கு. உன் இடம் வந்தாத்தான் திரும்பிப் பாக்குது. இன்னும் அஞ்சு பாட்டுத்தானே? முடிச்சிட்டு வாழ்நாள் பூரா சும்மா இருந்துக்கோ."

அதற்குமேல் அவனோடு பேச அவளுக்குத் தொண்டையும் இல்லை, மனசும் இல்லை.

விஷயம் ஒன்பதாவது மாடிக்குப் போனது. பொது மேலாளர் எல்லாரையும் கூட்டினார். நீளமான மேசை, ஒவ்வொருவர் முன்னாலும் தண்ணீர்க் குவளை. அக்காவுக்கு முன்னால் மட்டும் குவளைக்குப் பதில் மைக். டாக்டர் கடிதம் வாய்விட்டுப் படிக்கப்பட்டது. கம்பெனி டாக்டர் எழுந்து, குரலில் சேதம் இருப்பது உண்மை, சேதத்தால் உருக்கம் கூடியிருப்பதும் உண்மை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பிறகு பொது மேலாளர் பேசினார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் அவர் பேசுவார், உருக்கமான விஷயம் என்றால்.

"இது சாதாரணக் கம்பெனி இல்ல, குடும்பம். கலைஞர்களோட வலியை எங்க அளவுக்கு யாரும் மதிச்சதில்ல. மத்த கம்பெனிக்காரங்க வலியைத் துடைச்சு எறிஞ்சிடுவாங்க. நாங்க அதைப் பத்திரமாப் பதிவு பண்ணி, நல்ல உறை போட்டு, ஏழை வீடு வரைக்கும் கொண்டு சேத்திருக்கோம். இந்த அம்மா போதும்னு சொன்னப்போ யாரு கேட்டாங்க? அவங்க வீட்டுல கேட்டாங்களா? தெருவுல கேட்டாங்களா? நாங்க கேட்டோம். கேட்டதோட விடல, மறுபடி மறுபடி கேட்டோம். இன்னிக்கு அவங்க போதும்னு சொல்றாங்கன்னா, அந்த உரிமையை வாங்கிக் குடுத்ததே இந்தக் கம்பெனிதான். அதனால அவங்க கோரிக்கையை நான் முழு மனசோட வரவேற்கறேன். ஆல்பம் முடிஞ்சதும் பரிசீலிக்கலாம்."

எல்லாரும் கைதட்டினார்கள். அக்கா தன் முன்னால் இருந்த மைக்கைப் பார்த்தாள். அதில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வாயைத் திறந்து என்ன சொன்னாலும் அது பாட்டாகிவிடும் என்று புரிந்தது. ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்தாள்.

நான்காவது, ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது பாட்டு முடிந்தது. ஒவ்வொன்றுக்கும் இருபத்தாறு வெறும் டேக். எதிர் நாற்காலிக்காரர் "இன்னும் இல்லை" என்று எழுதி எழுதி, பாதியில் அதற்கு ஒரு ரப்பர் ஸ்டாம்பு செய்துகொண்டார். கடைசிப் பாட்டின் இருபத்தாறாவது வெறும் டேக்கில் அவள் குரல் கிழிந்த துணிபோல் இருந்தது. நாற்காலிக்காரர் முகத்தைக் கூர்ந்து பார்த்துவிட்டு, முதல்முறையாகப் பேனாவை எடுத்து "வந்துவிட்டது" என்று எழுதினார். டேப் ஓடத் தொடங்கியது. பாட்டு வந்தது. தாளம் நின்றது. அவள் வாயைத் திறந்தாள்.

ஒன்றும் வரவில்லை. உதடு அசைந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, காற்றுக்கூட வரவில்லை. மூன்று நொடி. டிரம்ஸ் மறுபடி தொடங்கியது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்டுக்காரர் எழுந்து நின்றுவிட்டார். ஓடிவந்து அவள் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். "அன்னிக்கே அதை வெட்டியிருக்கணும்க்கா" என்றார். "என் கையால நானே உன்னை..." முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் பரவாயில்லை என்று சொல்ல நினைத்தாள். அதுவும் வரவில்லை.

டேப் ஒன்பதாவது மாடியில் ஓடியது. பொது மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார். மூன்று நொடி மௌனம். "இதுதான்" என்றார். "சொல்லையே தாண்டிட்டாங்க." பிரிவு அதிகாரி வெளிப்படையாகவே அழுதார். 'போதும்' மேசையும் 'ப்பா' மேசையும் அன்றைக்குத்தான் கட்டிப்பிடித்துக்கொண்டன.

ஆல்பம் முந்தையதைவிட இரண்டு மடங்கு விற்றது. அந்த மூன்று நொடி வந்ததும் கூடங்களில் கூட்டமே "போதும்ப்பா" என்று கத்தி இடத்தை நிரப்பிக்கொண்டது. கம்பெனிக்கு இன்னும் மகிழ்ச்சி, இனி அதைச் சொல்ல ஆள் தேவையில்லை. அக்காவின் விடுப்பு உடனே அனுமதிக்கப்பட்டது. கூடவே சட்ட அதிகாரியின் கடிதமும் வந்தது. மேற்படி மௌனமும் பதிவு செய்யப்பட்டுவிட்டதாகவும், பேச்சின் நடுவே மூன்று நொடிக்கு மேல் மௌனமாக இருப்பதைக் கோரஸ் அக்கா தவிர்க்க வேண்டும் என்றும் அதில் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு மாதம் வாயே திறக்காமல் பார்ப்போம், முடிச்சு கரைந்தால் குரல் திரும்பலாம் என்றார் டாக்டரம்மா. அக்கா பலகையில் எழுதிக் குடும்பம் நடத்தினாள். சாயங்கால ஃபோனை மகள் எடுத்துப் பேசினாள். கணவர் வீட்டுக்கு வந்த நாட்களில் அவளைப் பேசவே விடவில்லை, ஒரு விரலை உதட்டில் வைத்துக்கொண்டே திரிந்தார். நாட்காட்டியில் அவர்தான் தினமும் ஒரு கட்டத்தை அடித்தார். மறுபடி லாரி எடுத்துப் போகும்போது, "அறுபதாவது நாள் நான் வழியில இருப்பேன், எங்கேர்ந்தாவது கூப்பிடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அறுபதாவது நாள் காலையில் டாக்டரம்மா கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். முன்பு போலவே கை கழுவினார். இந்தத் தடவை ரொம்ப நேரம் கழுவினார். பிறகு, "வராதும்மா" என்றார்.

மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அக்கா வீட்டுக்குள் நுழையும்போதே ஃபோன் அடித்தது. மத்தியானம் பன்னிரண்டு மணி. சாயங்காலம் வரை அவருக்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது. ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தாள்.

"நான்தான்" என்றார். பின்னால் ஏதோ கடை, பாத்திரச் சத்தம், ரேடியோ. "மகள் இந்நேரம் ஸ்கூல்ல இருப்பா, நீதான் எடுத்திருப்பேன்னு தெரியும். டாக்டர்கிட்ட போயிட்டு வந்துட்டியா?"

ரேடியோவில் ஆல்பத்தின் கடைசிப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. தாளம் நின்றது. கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து கத்துவது கேட்டது. அவர் சிரித்தார்.

"கேட்டியா? ஊர் பூரா இதே கூத்துதான். எவன் சொல்லி என்ன, உன்னை மாதிரி வருமா? சரி, நிறையப் பேச வேணாம். தொண்டையைக் கெடுத்துக்காத. ஒரே ஒரு வார்த்தை சொல்லு. எதுவானாலும் சரி. ஒண்ணு போதும்."

அவள் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள். அவர் காத்திருந்தார். சிரிப்பு மெல்ல அடங்கியது. பிறகு அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், இன்னொரு தடவையும் கூப்பிட்டார். அப்புறம் அவரும் பேசவில்லை. பாட்டு முடிந்து ரேடியோவில் யாரோ சேதி வாசித்தார்கள். அவர் ஃபோனை வைக்கவில்லை. ஃபோன் பெட்டிக்குள் இன்னொரு காசு விழும் சத்தம் கேட்டது.